கண் மூடாத பொம்மைகள்

புந்தோங், ஈப்போ
12.6.1983

சிங்கப்பூரில் டிவி கம்பெனியில் பெரிய வேலை பார்க்கும் என் தங்கை நவமணிக்கு, ஈப்போ முழுக்க ஐஸ் கொடுத்து ஊரையே குளிர்ச்சியாக வைத்திருக்கும் அண்ணன் சின்னையா எழுதுவது. நானும் உன் அண்ணி நல்லம்மாளும் சௌக்கியம். மகமாயி புண்ணியத்தில் நீயும் அப்படியே இருப்பாய்.

உன் மகன் பத்துமலையும் சௌக்கியம், பாலும் பழமுமாகச் சாப்பிட்டுக் கன்னம் உப்பிவிட்டான் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் உன் அண்ணி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். "உள்ளத எழுதுங்க. பெத்தவளுக்குத் தெரிய வேணாமா?" என்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் பேனாவை வேகமாக ஓட்டினால், கூட்டி எழுதுகிறேன் என்று கண்டுபிடித்துவிடுகிறாள். ஆகையால் மெதுவாகவே எழுதுகிறேன்.

சித்திரைப் பிறப்புக்கு நீ வந்து போனாய் அல்லவா, அதிலிருந்து பத்து பேசுவதில்லை. ஒரு வார்த்தைகூட இல்லை. காது கேட்கிறது. கூப்பிட்டால் திரும்புகிறான், வா என்றால் வருகிறான். வாய் மட்டும் திறக்கவில்லை. இரவில் படுப்பதும் இல்லை. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, உன் அண்ணியின் கைலி முனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொள்கிறான். அவள் புரண்டு படுத்தால் அவன் கை இழுபடும். உடனே நிமிர்ந்துகொள்வான். பகலில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தலை தொங்கிவிடுகிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருக்கிறது, லோரி டிரைவர் மாதிரி. நான் டிரைவர், எனக்கே அப்படி இல்லை.

படித்ததும் அழாதே. உன் அண்ணன் சும்மா இருப்பானா? முதலில் கோயில் பூசாரி பிச்சைமுத்துவிடம் தூக்கிப் போனேன். அவர் பையன் முகத்தைப் பார்த்ததுமே, இது ராஜா ஜாதகம், பெரிய பெரிய ஆட்கள் இவன் வாசலில் வந்து நிற்பார்கள் என்று சொல்லி, திருநீறு போட்டுக் கயிறு கட்டினார். (கயிறு கட்டினார், அவ்வளவுதான் என்கிறாள் நல்லம்மாள்.) கயிற்றுக்கும் அவன் தூங்கவில்லை. அப்புறம் பாசாருக்குப் பக்கத்தில் இருக்கும் சீன டாக்டர். அவர் தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அப்பா இறந்த துக்கமா என்று கேட்டார். அர்ச்சுனன் மச்சான் போனபோதுகூட இவன் ராத்திரி தூங்கினான், அடுத்த நாள் சோறு கேட்டான் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து, சிலிபின் பக்கம் ஒரு பழைய பங்களாவில் மிஸ் கெர்ட்ரூட் என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம் கூட்டிப் போ என்றார். நான் புறப்படும்போது அந்த டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றார். எனக்கு மரியாதை. நல்லம்மாள், மேலே சுற்றும் காற்றாடியை நிறுத்த எழுந்தார் என்கிறாள்.

மிஸ் கெர்ட்ரூட் நம்ம தமிழ்ப் பெண்தான், வேதக்காரர்கள். தைப்பிங் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸராக இருந்தவருடைய மகள். லண்டனில் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்து, அங்கேயே இந்த வைத்தியத்தையும் படித்து வந்தவர். லண்டன் என்றதும் நான் வெள்ளைச் சட்டை, பெரிய மெஷின், விளக்கு எல்லாம் எதிர்பார்த்துப் போனேன். ஐஸ் லோரியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனால் தரையில் ஒரு பாய். ஒரு தகரத் தொட்டி நிறைய மணல். பொம்மைகள், சின்னச் சட்டி பானை, மரத்தில் செய்த லோரி, களிமண் உருண்டை, துணிகள். வேறு ஒன்றும் இல்லை. மருந்து எங்கே மிஸ் என்று கேட்டேன். "மருந்து இதான் அண்ணே. பெரியவங்க வாயால சொல்றத சின்னப் பிள்ளைங்க கையால சொல்லும். நாம பக்கத்துல உக்காந்து பாக்கணும்" என்றார்.

பார்ப்பதற்கா நான் போனேன்? பையனுக்கு விளையாடக் கற்றுக்கொடுக்கலாம் என்று மணலில் கையை விட்டு நம் ஏழாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தையே கட்டிவிட்டேன். ஆபீஸ், பால் ஸ்டோர், லயத்து வீடுகள், ஆறு, பாலம், எல்லாம். அரசாங்க எஞ்சினீயர் பார்த்திருந்தால் என்னைக் கையோடு அழைத்துப் போயிருப்பார். பத்து மூலையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மிஸ் சிரித்தார். "அண்ணே, இங்க தொர அவன்தான். நீங்க கூலி. அவன் சொன்னாத்தான் வேல" என்றார்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, தங்கச்சி? சின்ன வயதில் நாம் விளையாடும்போது நான்தானே எப்போதும் துரை? ரப்பர் கொட்டையைச் சிமெண்டில் தேய்த்துச் சூடேற்றி, வேலைக்கு வராதவன் தொடையில் வைப்பேனே. நீ அழுதுகொண்டே ஆயாவிடம் ஓடுவாய். இப்போது கூலியாகிவிட்டேன். வாரத்தில் ஒரு நாள் போய் வாயை மூடிக்கொண்டு பாயில் உட்கார வேண்டும். ஈப்போவில் யாரும் நம்பமாட்டார்கள்.

உன்னைப் பற்றி மிஸ் கேட்டார். நீ அங்கே சூப்பர்வைசர் என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு ஆகத்தானே போகிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். பூதக்கண்ணாடிக்குள் பார்த்துப் பார்த்துக் கம்பி ஒட்டும் வேலை கண்ணைக் கெடுக்கும் என்கிறார்கள், முருங்கைக்கீரை கிடைத்தால் விடாதே. பத்துவை நினைத்து வேலையில் கோட்டை விடாதே. அவன் என் பொறுப்பு.

மகமாயி காவலில் உன்னை விட்டு,
அண்ணன் சின்னையா


புந்தோங்
14.8.1983

அன்புத் தங்கை நவமணிக்கு அண்ணன் எழுதுவது.

உன் கடிதம் வந்தது. தபால்காரன் கொடுக்கும்போதே சூடாக இருந்தது. பைத்தியத்துக்குப் பார்க்கும் இடத்துக்கு என் பிள்ளையை எப்படிக் கூட்டிப் போகலாம், நாளைக்கு ஸ்கூலில் சேர்க்கும்போது என்ன சொல்வார்கள், விளையாட வைப்பதற்கு ஒரு டாக்டரா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். படித்துக் காட்டியதும் உன் அண்ணி, "அவ கேக்குறதும் ஞாயம்தானே. எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு" என்றாள். ஆனால் அவள் ஒரு தடவை என்னோடு வந்து பார்த்தாள். அதற்கப்புறம் அவள்தான் அந்த நாள் வந்தால் முதல் ஆளாகப் பையனுக்குத் தலை சீவிவிட்டு நிற்கிறாள்.

பைத்தியம் யாரும் அங்கே இல்லை, நவமணி. பாரிட் புந்தார் பக்கத்திலிருந்து ஒரு மலாய்க்காரப் பிள்ளை வருகிறது, வீடு நெருப்புப் பிடித்ததிலிருந்து தண்ணீர்ப் பானையை விட்டு நகராதாம். ஒரு சீனப் பிள்ளை வருகிறது. அம்மா அப்பாவும் கூடவே வந்து பாயில் உட்காருகிறார்கள். துண்டு கட்டிய சீன முதலாளி, தவுக்கே ஒருவர் தரையில் மண்டி போட்டு மரக் காரை ஓட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இப்போது சந்தோஷமான செய்தி. உன் மகன் கண் டாக்டர் ஆகப் போகிறான். சிரிக்காதே. அங்கே படுக்க வைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பொம்மைகள் சில இருக்கின்றன. நிமிர்த்தினால் கண்ணைத் திறக்கும். பத்து என்ன செய்கிறான் தெரியுமா? களிமண்ணைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி, ஒவ்வொரு பொம்மைக்கும் கண் இமையைத் தூக்கி, கண் மூடாதபடி ஒட்டிவிடுகிறான். என்ன பொறுமை, என்ன விரல்! ஒட்டிய பிறகு படுக்க வைத்துப் பார்ப்பான். கண் திறந்தே இருந்தால் திருப்தி. மூடிக்கொண்டால் மறுபடி ஒட்டுவான். ஆபரேஷன்தான் இது. காப்பிக் கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், பத்துமலை கண் ஆஸ்பத்திரி புந்தோங்கிலேயே கட்டப்படும், நம்ம ஆட்களுக்கு இலவசம் என்று. மிஸ்ஸிடமும் சொன்னேன். அவர் பையன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் அவன் ஒரு ஆயாக் கொட்டகை கட்டினான். நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை, சத்தியமாக. நாற்காலிக் கால்களுக்கு நடுவில் கைக்குட்டைகளைக் கட்டித் தூளி தொங்கவிட்டு, பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டான். அவனும் நாலு வயது வரைக்கும் தோட்டத்தில் அங்கேதானே வளர்ந்தான்.  அப்படியே நம் கொட்டகை, தங்கச்சி.

ஆட்களைக் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் பெரட்டு மணி இருட்டோடு அடிக்குமே, அதற்கு முன்பே அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொள்வார், அம்மா உன்னை இடுப்பில் தூக்கிக்கொள்வாள். ராக்காயி ஆயா விளக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பாளாம். நமக்கு ஒன்றும் தெரியாது. லயத்தில் படுத்தவன் கொட்டகையில் எழுந்திருப்பேன். கண்ணைத் திறந்ததும் மேலே பார்ப்பேன். கூரையில் கரி இருந்தால் லயம், பல்லி இருந்தால் கொட்டகை. ஆயா ஒரு பெரிய பானையில் கஞ்சி வைத்து, ஒரே அகப்பையால் எல்லார் வாயையும் அடைத்துவிடுவாள். வெயில் ஏறியதும் அம்மா வருவாள். ஒட்டுப்பால் நாற்றம் முதலில் வரும், அம்மா அதற்குப் பின்னால் வருவாள். மற்றவர்களுக்கு அது நாற்றம். எனக்கு இன்றைக்கும் எங்காவது அந்த வாடை அடித்தால் பசி எடுக்கிறது. நீ தூளியிலிருந்தே கையை நீட்டுவாய். அம்மா பால் வாளியைக் கீழே வைக்கும் சத்தம் இருக்கிறதே, அதைவிட நல்ல சத்தத்தை நான் இந்த வயது வரைக்கும் கேட்டதில்லை. இப்போது அங்கே கொட்டகையும் இல்லை, மரமும் இல்லை. போன மாதம் அந்தப் பக்கம் ஐஸ் போட்டுவிட்டு வரும்போது பார்த்தேன். எல்லாம் எண்ணெய்க்கு நட்ட செம்பனைக் கன்று. கொட்டகை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் கிடக்கிறது, நடுவில் புல்.

இதையெல்லாம் மிஸ்ஸிடம் சொன்னேன். அவரும் தோட்டத்துப் பிள்ளைதானே, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிள்ளையை எழுப்பாமல் விட்டுவிட்டுப் போவதில் எங்கள் தோட்டத்துப் பெண்களை உலகத்தில் யாரும் மிஞ்ச முடியாது மிஸ் என்றேன். முழித்தால் அழும், அழுதால் காலைக் கட்டும், பெரட்டுக்கு நேரமாகும், கணக்கெழுதும் கிராணி பேரை அடித்துவிடுவான். அதனால் தூங்கும்போதே நழுவிவிட வேண்டும், அது ஒரு கலை என்று பெருமையாகத்தான் சொன்னேன்.

அப்போது அவர் கேட்டார். "இவங்க அம்மா சிங்கப்பூர் போனப்ப இவன் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தான் அண்ணே?"

மொதல்ல போனப்பவும் சரி, சித்திரைக்கு வந்து போனப்பவும் சரி, ரெண்டு தடவையும் நல்லாத் தூங்கினான் மிஸ், என் தங்கச்சி நோகாம போயிட்டா என்றேன். மிஸ் பொம்மைகளை எடுத்து வைக்கும்போது, அந்தக் களிமண்ணை மட்டும் கண்ணிலிருந்து எடுக்காமல் அப்படியே அலமாரியில் வைத்தார். அடுத்த தடவை அவன் வந்து தேடுவான் என்றார். ஏன் கேட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. உனக்கு ஏதாவது விளங்குகிறதா?

தீபாவளிக்கு வருகிறேன் என்று எழுதியிருப்பதைப் பார்த்து நல்லம்மாளுக்குக் கால் தரையில் படவில்லை. பத்துவிடம் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தான்.

வேளைக்குச் சாப்பிடு. கோபம் வந்தால் எனக்கே எழுது, வேறு யாரிடமும் காட்டாதே. உன் கோபத்தைத் தாங்கும் உடம்பு இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் இருக்கிறது.

உன் நலம் வேண்டும்,
அண்ணன் சின்னையா


புந்தோங்
9.10.1983

என் தாயி நவமணிக்கு,

இந்தக் கடிதத்தை ரொம்பவும் மெதுவாக எழுதுகிறேன். உன் அண்ணி சமையல்கட்டில் இருக்கிறாள், காவலுக்கு நிற்கவில்லை. இன்றைக்குத் தேவையும் இல்லை.

தீபாவளிக்கு முதல் நாள் வந்து, மறுநாள் பத்து தூங்கிய பிறகு ராத்திரி பஸ்ஸில் புறப்பட்டுவிடுகிறேன், அவன் அழுதால் என் கால் பஸ்ஸில் ஏறாது அண்ணே, போன தடவை மாதிரியே நீங்கள் மோட்டார் சைக்கிளோடு கேட்டுக்கு வெளியே நில்லுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் எழுத வேண்டும் என்றால் மிஸ் வீட்டில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை பத்துவுக்குப் பொம்மை வேண்டியிருக்கவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்துப் பாயில் படு என்று காட்டினான். மிஸ் எனக்கு முன்பே சொல்லியிருந்தார், அவன் உங்களை என்னவாக ஆக்குகிறானோ அதுவாக இருங்கள், கேள்வி கேட்காதீர்கள் என்று. படுத்தேன். ஒரு துணியை எடுத்துப் போர்த்தினான். என் உடம்புக்கு அது முழங்கால் வரைக்கும்தான் எட்டியது. தன் சட்டை முனையை என் கையில் கொடுத்து, விரல்களை மடக்கிப் பிடிக்க வைத்தான். பிறகு என் நெஞ்சில் தட்டிக் கொடுத்தான். நான் பிள்ளை, அவன் அம்மா. அது விளங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டேன், ஆனால் முழுதாக மூடவில்லை.

தட்டுவது நின்றது. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் சட்டையை விடுவித்துக்கொண்டான். சுண்டு விரலை விடுவிக்கும்போது நான் கொஞ்சம் அசைந்தேன். உடனே நிறுத்திவிட்டு மறுபடியும் தட்டினான். அப்புறம் அந்த விரலையும் எடுத்தான். எழுந்து ஒரு பையைத் தோளில் மாட்டினான். சிலிப்பரைக் காலில் போடாமல் கையில் எடுத்துக்கொண்டான். கதவு வரைக்கும் நுனிக்காலில் நடந்து போனான். அங்கே நின்றான். திரும்பி வந்து துணியைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டு, குனிந்து என் நெற்றியை மோந்தான். மறுபடி போனான்.

நவமணி, சிலிப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு நீ வந்ததை நான் கேட்டிலிருந்து பார்த்தேன். அது எனக்குத் தெரியும். விரலைப் பிரித்தது எனக்குத் தெரியாது. கதவிலிருந்து திரும்பி வந்ததும், நெற்றியை மோந்ததும் எனக்குத் தெரியாது. உன் அண்ணிக்கும் தெரியாது, அவள் சமையல்கட்டில் உனக்கு வழிக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். நீ அப்படிச் செய்தாயா? அது உனக்கு மட்டும்தான் தெரியும். செய்திருந்தால், அன்றைக்கு உன் மகன் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறான். நீ தூங்கச் சொன்னாய், அவன் நல்ல பிள்ளையாகக் கண்ணை மூடினான், நீ போய்விட்டாய்.

நான் எவ்வளவோ கதை கட்டுகிறவன். ஊருக்கே தெரியும். இப்படி ஒன்றைக் கட்டுகிற மூளை எனக்கு இல்லை, தங்கச்சி.

மேலே கேள். அவன் கதவில் கை வைக்கும்போது மிஸ் மூலையிலிருந்து மெதுவாக, "பாப்பா முழிச்சிருச்சு" என்றார். அது எனக்குச் சொன்னது. நான் எழுந்து உட்கார்ந்து, அம்மா எங்க போறீங்க என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. பத்து அப்படியே நின்றான். சிலிப்பர் கையிலிருந்து விழுந்தது. ஓடி வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பேசினான், நவமணி. இத்தனை மாதத்துக்குப் பிறகு. தொண்டை கரகரத்தது.

"அம்மா வேலைக்குப் போறேன். போயிட்டு வாரேன். நீ அழுவு, பரவால்ல" என்றான்.

சினிமாக்காரன் மாதிரி நடித்து அழுதேன் என்று எழுதலாம் என்றுதான் நினைத்தேன். நடிப்பு ஒன்றும் இல்லை. அவன் நான் அழுவதைப் பார்த்து என் முதுகைத் தடவிவிட்டு எழுந்து வெளியே போனான். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டு உள்ளே வந்து, "வந்துட்டேன்" என்றான். மறுபடியும், போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனான். மறுபடியும் வந்தான். நேரம் முடியும் வரைக்கும் போவதும் வருவதுமாகவே இருந்தான். ஒவ்வொரு தடவையும் நான் அழ வேண்டும், ஒவ்வொரு தடவையும் அவன் வர வேண்டும்.

திரும்பும்போது லோரியில் என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். வண்டி நின்றால் எழுந்துவிடுவானே என்று ஜெலாபாங் வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டே இருந்தேன். பின்னால் ஐஸ் எல்லாம் தண்ணீராக ஓடியது. ஐஸ் கம்பெனி தவுக்கேவுக்கு என்னைத் திட்ட எங்கே தைரியம் என்று எழுதப் போனேன். "திட்டுனாருன்னு எழுதுங்க, ரோட்டு வரைக்கும் கேட்டுச்சு" என்று சமையல்கட்டிலிருந்தே சத்தம் வருகிறது. அவளுக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. அன்றைக்கு ராத்திரியும் கைலி முனையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான். பகலில் ஒன்றிரண்டு வார்த்தை வருகிறது, தண்ணி, மாமா, வேணாம் என்று. அவ்வளவுதான். மிஸ்ஸிடம் இனி நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "நீங்க செய்றதச் செஞ்சிட்டீங்க அண்ணே. கண்ண மூடுனா ஆளு போயிரும்னு அவன் படிச்சு வச்சிருக்கான். அத நானோ நீங்களோ மாத்த முடியாது. அம்மா வரட்டும். வந்து இந்தப் பாயில அவனோட உக்காரட்டும். போறப்ப அவன் முழிச்சிருக்கணும். சொல்லிட்டுப் போகணும்" என்றார். பிள்ளை அழுவானே என்றேன். "அழுவான். சொல்லிட்டுப் போன அம்மாவுக்காக அழறது வேற. அந்த அழுகை நிக்கும்" என்றார்.

நாம் தூங்கும்போது அம்மா விட்டுப் போனாளே, நமக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கே பதில் தெரிந்துவிட்டது. அம்மா வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவாள். சிங்கப்பூர் அப்படி இல்லை. அந்த வழக்கம் பாலுக்கு மரம் வெட்டுகிறவர்களுக்குச் சரி, தோட்டத்தோடு அது முடிந்தது. நாம்தான் அதையும் மூட்டையில் கட்டிக்கொண்டு புந்தோங்குக்கு வந்துவிட்டோம். உன்மேல் ஒரு குறையும் இல்லை, தாயி. பிள்ளை நோகக் கூடாது என்றுதானே செய்தாய்.

உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கு மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தாய். பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது என் சட்டை முதுகு நனைந்திருந்தது. மழையாலா அண்ணே என்றாய். நானும் ஆமாம், நல்ல மழை என்றேன். வானத்தில் அன்றைக்கு ஒரு மேகம் கிடையாது.

இந்தத் தடவை மழையில் நனையலாம், வா. தீபாவளிக்கு மறுநாள் காலையில் பகல் பஸ் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். அவனைக் குளிப்பாட்டி, சட்டை போட்டு, நீயே கையில் பிடித்துப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டி வா. எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய், எப்போது வருவாய் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல். தைப்பூசத்துக்கு வர முடியுமென்றால் தைப்பூசம் என்று சொல், முடியாதென்றால் சொல்லாதே. கூட்டிச் சொல்லும் வேலையெல்லாம் என்னோடு இருக்கட்டும், நீ உள்ளதை மட்டும் சொல். அவன் உன் காலைக் கட்டிக்கொள்வான். கத்துவான். பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும், பார்க்கட்டும். நான் அவனைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன், எவ்வளவு உதைத்தாலும் கீழே விடமாட்டேன். நல்லம்மாள் உன் பையைத் தூக்கி வைப்பாள். நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பஸ் திரும்பும் வரைக்கும் அவனுக்குக் கை காட்ட வேண்டும். முகத்தை மறைத்துக்கொள்ளாதே. நீ அழுவதையும் அவன் பார்க்கட்டும்.

மகமாயி உனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்க வேண்டும். ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தால் மாற்றிவிடு, தாயி.

என்றும் உன் அண்ணன்,
சின்னையா